புகை அலாரமும் வீட்டுத் தீயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீப்பிடித்தால் வாசனையிலேயே தெரிந்துவிடாதா? அலாரம் எதற்கு?

விழித்திருந்தால் தெரியும். தூங்கும்போது மூக்கும் சேர்ந்து தூங்கிவிடுகிறது. புகை நாற்றம் ஆளை எழுப்பும் என்று நம்பியிருக்க முடியாது. போதாக்குறைக்கு, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. அது ரத்தத்தில் ஏற ஏறத் தூக்கம் மயக்கமாக மாறும். வீட்டுத் தீயில் பலர் தீக்காயத்துக்கு முன்பே புகையால் இறக்கிறார்கள். 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தபோது, தந்தையும் மகளும் மூச்சுத்திணறித்தான் இறந்தார்கள்.

நேரமும் குறைவு. பழைய மரக்கட்டிலும் இலவம்பஞ்சு மெத்தையும் மெதுவாகப் புகைந்து எரிந்தன. இன்றைய ஃபோம் சோபா, சிந்தெட்டிக் திரைச்சீலை, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் பெட்ரோலியப் பொருட்கள். இப்படிப்பட்ட கூடத்தில் பற்றிய சிறு தீ, மூன்று நான்கு நிமிடங்களிலேயே அறை முழுவதையும் ஒரே வீச்சில் பற்ற வைத்துவிடக்கூடும். அலாரம் தீயை அணைக்காது. அந்த மூன்று நான்கு நிமிடத்தின் தொடக்கத்திலேயே உங்களை எழுப்பிவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. எழுந்தவர் வெளியே போக வழி இருக்க வேண்டும் என்பது தனிக் கதை. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

எந்த வகை வாங்குவது?

ஒளியால் புகையை உணரும் 'போட்டோ எலெக்ட்ரிக்' வகையை வாங்குங்கள். உள்ளே இருட்டறையில் ஒரு ஒளிக்கீற்று ஓடும். புகைத்துகள் நுழைந்ததும் ஒளி சிதறி சென்சாரில் விழும், அலாரம் அலறும். மெத்தை, சோபா, ஒயர் இவை புகைந்து கருகும் தீயை இது சீக்கிரம் பிடிக்கும். 'அயனைசேஷன்' வகை கொழுந்துவிட்டு எரியும் தீயைச் சற்று முன்னதாகப் பிடித்தாலும், தாளிப்புப் புகைக்கு அதிகமாக அலறும். நம் வீடுகளுக்கு அது தொல்லை. அதற்குள் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் துளியளவு இருக்கும். மூடியிருக்கும்வரை ஆபத்தில்லை, பிரிக்கக் கூடாது.

வாங்கும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வட்டுகளில் பல, அலுவலகக் கட்டடங்களில் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு ஒயரில் இணைக்க வேண்டிய வெறும் சென்சார்கள். அவற்றில் சைரனும் இல்லை, பேட்டரியும் இல்லை. கூரையில் ஒட்டிவைத்தால் அழகாக இருக்கும், தீப்பிடித்தால் ஒரு சத்தமும் வராது. விவரக்குறிப்பில் 'தனித்து இயங்கும்', 'உள்ளமைந்த சைரன்', '3 மீட்டரில் 85 டெசிபல்', 'பேட்டரி' ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இ.என். 14604 அல்லது யு.எல். 217 என்ற தர எண் பெட்டியில் மட்டுமல்லாமல் கருவியின் முதுகிலும் அச்சாகியிருக்க வேண்டும்.

வைஃபை அலாரம் வாங்கினால், இணையம் இல்லாதபோதும் தானே அலறுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும். செல்போனுக்கு வரும் செய்தியை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது.

எத்தனை வேண்டும்? எங்கே மாட்டுவது?

ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே கூடத்தில் ஒன்று, மாடி இருந்தால் மாடிக்கு ஒன்று. ஏசி போட்டுக் கதவைச் சாத்திப் படுப்பவர்களுக்குக் கூடத்து அலாரம் சரியாகக் கேட்காது. ஒன்று அலறினால் எல்லாம் அலறும் வகையில் ஒயரில்லாமல் இணையும் அலாரங்கள் இருக்கின்றன. வசதியிருந்தால் அவையே நல்லது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், சமையலறைக்கும் படுக்கையறைக்கும் இடையிலுள்ள கூரையில், படுக்கையறைப் பக்கமாக மாட்டுங்கள்.

புகை மேலே ஏறும் என்பதால் இடம் கூரைதான். ஆனால் கூரையும் சுவரும் சேரும் மூலையில் காற்று தேங்கி நிற்கும், அங்கே புகை தாமதமாகத்தான் வரும். சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி மாட்டினால் கவலையில்லை.

நம் வீடுகளில் பெரிய சிக்கல் சீலிங் ஃபேன். காற்று புகையைக் கலைத்துவிடும், தூசியைச் சென்சாருக்குள் அடித்தும் விடும். றெக்கையின் நுனியிலிருந்து குறைந்தது 90 செ.மீ. தூரம் வேண்டும். 10-க்கு 10 அடி அறையில் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுவிலிருந்து சுவருக்கு 150 செ.மீ. சொச்சம். 48 அங்குல ஃபேனின் றெக்கை அதில் 60 செ.மீ.யைப் பிடித்துக்கொள்ளும். மீதி 90 செ.மீ.யில் சுவரே வந்துவிடும். ஆகவே சுவரின் நடுப்பகுதிக்கு நேராக மாட்ட இடமே இல்லை. அறையின் மூலைப்பக்கம் போங்கள். இரண்டு சுவரிலிருந்தும் 30 செ.மீ. விட்டு ஒரு புள்ளி வைத்தால், அது றெக்கை நுனியிலிருந்து 110 செ.மீ.க்கு மேல் தள்ளியிருக்கும். கதவுக்கு அருகிலுள்ள மூலையைத் தேர்ந்தெடுங்கள், வெளியிலிருந்து வரும் புகை அங்கேதான் முதலில் நுழையும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் குளியலறைக் கதவுக்கு மேலேயும் வேண்டாம். வெந்நீர் ஆவியும் அலாரத்தைக் கிளப்பும்.

கூரையில் முடியாவிட்டால் சுவரில் மாட்டலாம். அலாரத்தின் மேல்விளிம்பு கூரையிலிருந்து 10 செ.மீ.க்குக் குறையாமலும், கீழ்விளிம்பு 30 செ.மீ.க்கு மேல் இறங்காமலும் இருக்கட்டும். ஓட்டு வீட்டில் உச்சிக்கு 90 செ.மீ.க்குள் மாட்டுங்கள், உச்சியின் கடைசி 10 செ.மீ.யை மட்டும் விட்டுவிடுங்கள். தகரக் கூரையோ வெயில் இறங்கும் மொட்டைமாடித் தளமோ என்றால், கருவி தாங்கும் வெப்ப அளவைப் பார்த்து வாங்குங்கள். பலவற்றுக்கு 40 டிகிரிதான் எல்லை. சித்திரை வெயிலில் அந்தக் கூரையடி அதைத் தாண்டிவிடும்.

துளையிடும்போது கவனிக்க வேண்டியது?

கான்கிரீட் கூரைக்குள் ஃபேன் கொக்கியிலிருந்து சுவிட்ச் போர்டு இருக்கும் சுவர்வரை ஒயர்க் குழாய் ஓடும். அந்தக் கோட்டில் டிரில் வைக்காதீர்கள். மெயினை நிறுத்தி, பேட்டரி டிரில்லால் 6 மி.மீ. துளை இரண்டு போட்டு, பிளக் அடித்து, அடித்தட்டைத் திருகினால் போதும். அலாரத்தை அதில் பொருத்தித் திருப்பினால் மாட்டிக்கொள்ளும். பேட்டரி இல்லாமல் தட்டில் பூட்டவே முடியாதபடி சில கருவிகளைச் செய்திருப்பார்கள், பழுது என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது கழற்றி வைத்துவிட்டு, காய்ந்ததும் மாட்டுங்கள். பெயின்ட் பூசிய அலாரம் மூச்சடைத்த அலாரம்.

சமையலறைக்குள் மாட்டலாமா?

புகை அலாரம் வேண்டாம். அடுப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். சமையலறைக்கு 'வெப்ப அலாரம்' என்று தனியாக இருக்கிறது. கூரையடி வெப்பம் சுமார் 57 டிகிரியைத் தொட்டால்தான் அலறும், மிளகாய் வறுத்தால் அலறாது. ஆனால் புகையை உணராது என்பதால் படுக்கையறைக்கு அது உதவாது.

சாம்பிராணி போட்டாலே அலறுகிறது. கழற்றி வைத்துவிடலாமா?

கழற்றிய அலாரம் பரணுக்குப் போனால் திரும்பி வருவதில்லை. 'ஹஷ்' என்ற பொத்தான் இருந்தால் பூஜைக்கு முன் அதை அழுத்துங்கள். பத்து நிமிடம்போல உணர்திறன் குறைந்து, பிறகு தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும். ஜன்னலைத் திறந்து, தூபக்காலை அலாரத்துக்கு நேர் கீழே கொண்டுபோகாமல் இருந்தாலே பாதித் தொல்லை தீரும். தினமும் அலறினால் இடம் தவறு, இரண்டு மீட்டர் தள்ளி மாட்டுங்கள். பாலித்தீன் உறையைக் கட்டி மூடுவது மட்டும் வேண்டவே வேண்டாம், அவிழ்க்க மறந்துவிடுவீர்கள். கற்பூரப் புகையில் கரி அதிகம், அது உள்ளே படிந்து காரணமில்லாமல் அலறவைக்கும். போகியன்று விடியற்காலை தெருப்புகைக்கும் அலறக்கூடும், ஜன்னலைச் சாத்திவையுங்கள்.

நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்கிறதே?

பேட்டரி தீரப்போகிறது. தீ என்றால் விடாமல் உரக்க அலறும். கீச் என்று ஒற்றைச் சத்தம் வந்து நின்றால் பேட்டரி, அல்லது கருவியின் ஆயுள் முடிந்தது. 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரி போடுங்கள். ரிமோட்டுக்கு வாங்கும் மலிவு பேட்டரியும், சார்ஜ் செய்து போடும் பேட்டரியும் இதற்கு ஆகாது. வருடம் ஒருமுறை மாற்ற ஆயுத பூஜை நல்ல நாள். வீட்டிலுள்ள கருவிகளை எல்லாம் துடைத்துப் பொட்டு வைக்கிறோமே, இதையும் சேர்த்துக்கொள்ளலாம். பத்தாண்டு லித்தியம் பேட்டரி உள்ளேயே மூடிய வகை என்றால் மாற்றும் வேலையே இல்லை. எந்த வகையானாலும் முதுகில் அச்சிட்ட தயாரிப்புத் தேதியிலிருந்து 10 ஆண்டுகள் ஆனால் முழுக் கருவியையும் மாற்றிவிடுங்கள். பேட்டரி புதிதாக இருக்கும், சென்சார் கிழடு தட்டியிருக்கும்.

சோதிப்பது எப்படி?

மாதம் ஒருமுறை 'டெஸ்ட்' பொத்தானைச் சைரன் ஒலிக்கும்வரை அழுத்துங்கள். துடைப்பக் குச்சியால் கீழிருந்தே அழுத்தலாம். ஒருவர் அழுத்தும்போது இன்னொருவர் ஏசி ஓட, கதவு சாத்திய படுக்கையறையில் படுத்துக் கேட்கட்டும், உண்மையான சோதனை அதுதான். ஊதுபத்தியைக் காட்டிச் சோதிக்காதீர்கள், கரி படியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மென்மையான பிரஷால் துளைகளைத் தட்டித் துடையுங்கள். வண்டும் சிலந்தியும் உள்ளே குடியேறினால் நள்ளிரவில் சும்மாவே அலறும்.

தாத்தாவுக்குக் காது மந்தம். அவருக்கு?

சாதாரண சைரன் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சுக்குரல். முதுமையில் முதலில் போவது அந்தச் சுருதியைக் கேட்கும் திறன்தான். 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் அலாரமோ, தலையணைக்குக் கீழே அதிரும் தட்டு இணைந்த வகையோ வேண்டும். சிறு பிள்ளைகளும் சைரனுக்கு எழாமல் தூங்குவது சாதாரணம். அவர்களை யார் தூக்குவது என்று முன்பே பேசி வையுங்கள்.

அலாரம் அலறினால் முதலில் என்ன செய்வது?

பணம், நகை, பத்திரம் எதையும் தேடாமல் எல்லோரையும் எழுப்பி வெளியேறுங்கள். வெளியே வந்தபிறகு 101 அல்லது 112-ஐ அழையுங்கள். தெருப்பெயரோடு பக்கத்தில் தெரிந்த கோயிலோ கடையோ சொல்லுங்கள். கடைசியாக வருபவர் அறைக்கதவைச் சாத்திவிட்டு வரட்டும், சாத்திய கதவு தீயைக் கணிசமான நேரம் பிடித்து நிறுத்தும்.

சாவி விஷயத்துக்கு வருவோம். திருட்டுக்குப் பயந்து வாசலில் இரும்பு கிரில் கேட் போடுகிறோம், உள்ளே பூட்டு, சாவி ஃபிரிட்ஜ் மேலோ கைப்பையிலோ. எல்லா ஜன்னலிலும் கம்பி. பின்வாசலுக்குத் துருப்பிடித்த இன்னொரு பூட்டு. புகை நிறைந்த இருட்டில் அந்தச் சாவியை எடுத்துத் துவாரத்தில் நுழைக்க முடியுமா? விளக்கை அணைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒருமுறை செய்து பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் ஏற்பாட்டை மாற்றுங்கள். இரவில் உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும் போடுங்கள், அல்லது உள்ளே சாவியில்லாமல் திருகித் திறக்கும் பூட்டு வையுங்கள். பூட்டுத்தான் வேண்டும் என்றால், கதவுக்கு அருகில் வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில் ஓர் ஆணி அடித்துச் சாவியை அங்கேயே மாட்டுங்கள், பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள். ஒரு ஜன்னல் கம்பியையாவது கீலும் கொண்டியும் வைத்து உள்ளிருந்து திறக்கும்படி செய்தால் இன்னும் நல்லது. எந்தத் தச்சுப்பட்டறையிலும் வெல்டிங் கடையிலும் செய்து தருவார்கள்.

வாசல்பக்கம் புகை அடைத்திருந்தால்?

கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திறக்காதீர்கள். கதவிடுக்கில் ஈரத்துணியை அடைத்து, பால்கனியோ தெரு ஜன்னலோ உள்ள அறைக்குப் போய், எந்த மாடி, எந்தப் பக்கம் என்று போனில் சொல்லுங்கள். துண்டை வீசிக் காட்டுங்கள். தண்ணீர் இருக்கிறதே என்று குளியலறைக்குள் ஒளிவது பலர் செய்யும் தவறு. அங்கே புகை சேரும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் தெரியாது. புகைக்குள் போயே ஆக வேண்டும் என்றால் தவழுங்கள், தரையருகேதான் மூச்சுவிடும் காற்று மிச்சமிருக்கும். லிஃப்ட்டில் ஏறவே கூடாது.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால்?

தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெய்க்கு அடியில் போன நீர் ஒரு நொடியில் ஆவியாகி, சுமார் 1,700 மடங்கு பெருத்து, எரியும் எண்ணெயை முகத்தில் அடிக்கும். கைக்கு எட்டினால் அடுப்பை அணையுங்கள். சட்டியைவிடப் பெரிய தட்டையோ மூடியையோ உங்கள் பக்கத்திலிருந்து முன்னோக்கி நகர்த்தி மூடுங்கள். அரைமணி நேரம் திறக்காதீர்கள், ஆறாத எண்ணெய் காற்றுப் பட்டதும் மறுபடி பற்றும். சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதில்தான் பலரும் வெந்துபோகிறார்கள்.

காஸ் நாற்றம் வந்தால் புகை அலாரம் அலறுமா?

அலறாது. அதற்கு எல்.பி.ஜி. கசிவு அலாரம் தனியாக இருக்கிறது. சமையல் காஸ் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். அதனால் அந்தக் கருவியைத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், சிலிண்டருக்கு அருகில் மாட்ட வேண்டும். புகை அலாரம் மேலே, காஸ் அலாரம் கீழே.

நாற்றம் தெரிந்தால் எந்த சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள், இரண்டிலும் பொறி பறக்கும். ரெகுலேட்டரை மூடுங்கள். எண்ணெய் விளக்கு, ஊதுபத்தி அணையட்டும். கதவு ஜன்னலைத் திறங்கள். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் மட்டும் அதை நிறுத்துங்கள், ஃபிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கினாலும் பொறிதான். வெளியே போய் காஸ் கசிவு அவசர எண்ணான 1906-ஐ அழையுங்கள்.

டியூபை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், காலாவதி ஆண்டு அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். கசிவைச் சோப்பு நுரையால் பாருங்கள், தீக்குச்சியால் பார்க்காதீர்கள். சிலிண்டர் கழுத்துத் தகட்டில் 'பி-27' என்றிருந்தால், 2027 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் அதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். அந்தக் கெடு தாண்டிய சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

'மின்கசிவால் தீ' என்று செய்தி வருகிறதே, டிரிப்பர் இருந்தால் போதாதா?

எல்லாத் தீக்கும் மின்கசிவு என்று ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். மூன்று வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒயர் தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் எம்.சி.பி. (டிரிப்பர் என்று நாம் சொல்லும் சுவிட்ச்) தானாக விழும். மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) விழும். சாக்கெட்டிலோ போர்டிலோ திருகு தளர்ந்து சூடாகி உருகினால் இரண்டுமே விழாது. மஞ்சளித்த சாக்கெட், மீன் வாடைபோல் பிளாஸ்டிக் நாற்றம், சூடான பிளக் பின் இவைதான் அதற்கு எச்சரிக்கை. உடனே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தாங்குவது சுமார் 1,380 வாட். இன்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே 2,000 வாட் இழுக்கும்.

மின்சார ஸ்கூட்டரை எங்கே சார்ஜ் போடுவது?

வாசலிலும் மாடிப்படிக்கு அடியிலும் கூடாது, தப்பிக்கும் வழியே அதுதான். பல அடுக்குமாடிகளில் படிக்கட்டுக்கு அடியிலேயே மீட்டர் பெட்டிகளும் பெட்ரோல் வண்டிகளும் நெருக்கியடித்து நிற்கின்றன, சங்கத்தில் பேசி அவற்றை விலக்க வேண்டும். திறந்த இடத்தில், எர்த் உள்ள 15 ஆம்பியர் சாக்கெட்டில், கம்பெனி சார்ஜரில், விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். ஓட்டி வந்த சூட்டோடு போடாமல் பேட்டரி ஆறட்டும். உப்பிய பேட்டரி, இனிப்பு கலந்த ரசாயன வாடை, 'உஸ்' சத்தம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிட்டப் போகாதீர்கள். லித்தியம் பேட்டரித் தீயின் புகை நச்சு, அணைந்ததுபோல் இருந்து மறுபடி பற்றும். அதைத் தீயணைப்புத் துறையிடம் விட்டுவிடுங்கள்.

தீயணைப்பான் வாங்கி வைக்கலாமா?

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஏ.பி.சி. பவுடர் வகை, 2 கிலோ. அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள், சமையலறை வாசலுக்கு வெளியே மாட்டுங்கள். பிடியிலுள்ள பாதுகாப்புப் பின்னை இழுத்து, தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து, பிடியை அழுத்தி, இடம் வலமாக வீசுங்கள். மொத்தமே பத்து நொடிபோலத்தான் வரும். குப்பைக்கூடை அளவுத் தீக்கு அது போதும், சோபா அளவுத் தீயென்றால் வெளியேறுங்கள். எண்ணெய்ச் சட்டியில் கிட்டே நின்று அடித்தால் எண்ணெய் தெறிக்கும். மாதம் ஒருமுறை அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள்.

புடவையோ நைட்டியோ பற்றினால்?

ஓடினால் தீ வளரும். நின்று, படுத்து, முகத்தைக் கையால் மூடி உருள வேண்டும். மற்றவர்கள் கனத்த பருத்திப் போர்வையால் சுற்றலாம், நைலான் வேண்டாம். அணைந்ததும் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தில் ஓடவிடுங்கள். பேஸ்ட், மை, முட்டை, ஐஸ் எதுவும் வேண்டாம். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

பூஜை விளக்கையும் கொசுவத்தியையும் எப்படி வைப்பது?

எரியும் திரியை எலி இழுத்துக்கொண்டு ஓடுவது உண்மையிலேயே நடக்கிறது. விளக்கை மணல் பரப்பிய தாம்பாளத்தில், திரைச்சீலைக்கும் அலமாரித் தட்டுக்கும் எட்டாமல் வையுங்கள், படுக்குமுன் அமர்த்திவிடுங்கள். கொசுவத்தி கட்டிலுக்கு அடியில் வேண்டாம், தொங்கும் போர்வை நுனிதான் அதற்கு இரை. தகரத் தாங்கியில் வைத்து, எவர்சில்வர் தட்டில் நிறுத்துங்கள். தீபாவளி இரவில் ஊருக்குப் போகிறவர்கள் பால்கனியில் காயும் துணியை எடுத்துவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுப் போங்கள்.

சட்டப்படி கட்டாயமா? வாடகை வீட்டில் துளையிட விடமாட்டார்களே?

தமிழ்நாட்டில் தனி வீடுகளுக்குக் கட்டாயமில்லை. சிங்கப்பூரில் 2018 ஜூன் முதல் புதிய வீடுகளுக்குக் கட்டாயம். இங்கிலாந்தில் 2015 அக்டோபர் முதல் வாடகை வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் வீட்டுக்காரரே மாட்டித்தர வேண்டும். இங்கே நாமே வாங்க வேண்டியதுதான். துளையிட முடியாவிட்டால் இரட்டைப் பசைப் பட்டையால் ஒட்டலாம், ஆனால் சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் உரிந்து அலாரத்தோடு விழும். அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, காய்ந்தபின் ஒட்டுங்கள். அதுவும் நிற்காவிட்டால், கூரைக்கு 30 செ.மீ.க்குள் ஏற்கெனவே சுவரில் அடித்திருக்கும் ஆணியில் மாட்டுங்கள். காலி செய்யும்போது மறக்காமல் எடுத்துப் போகலாம்.